பிராங்பேட் அண்ணையும் ஒரு பத்து நிமிடமும்

ஜெர்மனிக்கு வந்த தமிழர்களில் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நின்ற ஒரே மனிதர் பிராங்பேட் அண்ணைதான். மற்றவர்கள் எல்லோரும் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். "இந்தா, வெளிக்கிட்டிட்டம், அரைவழியிலை நிக்கிறம்" என்று எங்கள் ஆட்கள் தொலைபேசியில் சொன்னால், ஆள் இன்னும் குளிக்கப் போகவில்லை என்று அர்த்தம். இது ஊரறிந்த விஷயம்.

பிராங்பேட் அண்ணைக்கு மட்டும் இது ஏறவேயில்லை. பிறந்தநாள் அழைப்பிதழில் மாலை ஐந்து மணி என்று அச்சடித்திருந்தால் ஐந்து மணிக்கு மணியை அடிப்பார். வீட்டுக்காரி தலையில் துவாயோடு கதவைத் திறப்பாள். வீட்டுக்காரன் கேக் எடுக்கப் போயிருப்பான். அண்ணை சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒருவரும் கேட்காமலே பலூன் ஊதத் தொடங்கிவிடுவார். எட்டு மணிக்குச் சனம் வந்து சேரும்போது அவர் ரோல்ஸும் கடலைவடையும் சாப்பிட்டு முடித்து வீட்டுக்குப் போயிருப்பார். பேர்லினில் நாங்கள் இருந்த நொய்கெல்ன் பகுதியில் அந்தக் காலத்தில் பிள்ளைகளின் பிறந்தநாள் பலூன்களில் பாதி அவருடைய மூச்சுத்தான்.

மார்க் காசு போய் ஒயிரோ காசு வந்த கொஞ்சக் காலம் அது. பேர்லினில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் தனியாக இருந்தார். பார்சல் பிரிக்கும் இடத்தில் வேலை. பிராங்பேட் நகரத்துப் பக்கம் அவர் காலடி வைத்ததே கிடையாது. அகதியாக வந்து இறங்கியதும் பேர்லின், இருந்ததும் பேர்லின். பிறகு ஏன் அந்தப் பெயர் என்றால், எல்லாம் மணிக்கூட்டால் வந்த வினை. வானொலி அலையில் நேரத்தைப் பிடித்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் மணிக்கூடு ஒன்று உண்டு. ஜெர்மன்காரர் அதை ஃபுங்க்ஊர் என்பார்கள். அந்த அலை பிராங்பேட்டுக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. இது தெரிந்த நாளிலிருந்து அண்ணை வாயைத் திறந்தால் பிராங்பேட்தான். கோயிலில் ஐயர் தீபத்தைத் தூக்கினால், "ஐயா, அவசரப்படாதேங்கோ, பிராங்பேட்டிலை இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு" என்பார். ஐயரும் பாவம், தீபத்தோடு நிற்பார்.

நான் ஒருநாள் கேட்டேன். "அண்ணை, நீங்கள் ஒருக்காலெண்டாலும் பிராங்பேட்டுக்குப் போய்ப் பாத்தனீங்களோ?"

"ஐசே, நீர் கைலாயத்துக்குப் போய்ப் பாத்திட்டோ சிவனைக் கும்பிடுறனீர்?"



என் மனைவி வசந்திக்கு ஒரு மணிக்கூடு தேவைப்பட்டபோது அவரிடம் போகவேண்டி வந்தது. அவள் அப்போதுதான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பயிற்சிக்கு, அதுதான் அவுஸ்பில்டுங்குக்கு, இடம் எடுத்திருந்தாள். சும்மா கிடைத்த இடமில்லை. வருடக்கணக்காக அடுத்தவர்களுடைய அலுவலகங்களைத் துடைத்துக்கொண்டே ஜெர்மன் மொழியான டொச்சு படித்து, சோதனை எழுதி, மூன்று இடத்தில் இல்லை என்று சொல்லி, நாலாவது இடத்தில் கிடைத்தது. விடியற்காலை வேலை. ஆறு மணி பஸ்ஸை விட்டால் பிந்திவிடும். அங்கே பொறுப்பாக இருந்த ஷெஃபின், அதாவது மேலதிகாரி அம்மா, நல்ல மனுஷிதான், ஆனால் நேர விஷயத்தில் கல்.

முதல் தடவை பிந்தியது கோடை நேரம் மாறிய ஞாயிற்றுக்கிழமை. நாட்டில் எல்லாரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், நாங்கள் மட்டும் பழைய நேரத்தில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம். இரண்டாவது தடவை மணிக்கூட்டின் பிழை. தமிழ்க் கடையில் வருடப் பிறப்புக்குச் சும்மா தந்த மணிக்கூடு, வேறெப்படி இருக்கும்? வசந்தி அதை எப்போதும் பத்து நிமிடம் கூட்டித்தான் வைப்பாள். அது ஆறு என்றால் உண்மையில் ஆறுக்குப் பத்து என்று கணக்கு. அவள் பிறந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான். ஆனால் அந்தச் சனியன் நாளுக்குக் கொஞ்சமாகப் பிந்திப் பிந்தி, அந்தப் பத்து நிமிடத்தையும் தின்றுவிட்டது. ஷெஃபின் இரண்டு தடவையும் வாயால் எச்சரித்தார். நான் உணவகத்தில் வேலை முடித்து வந்து படுத்தால் காலையில் இடி விழுந்தாலும் எழும்பமாட்டேன். என்னை நம்பிப் பயனில்லை.

"நாளைக்குப் பின்னேரம் நாலு மணி, ஹெர்மன்பிளாட்ஸ், கடை வாசல்" என்றார் அண்ணை. நான் நாலும் பத்துக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பத்து நிமிடத்துக்கும் வட்டி இருந்தது.

கடையில் மணிக்கூட்டுப் பகுதியைப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி நடந்து பார்த்தார். ஒன்றில் வெப்பநிலை காட்டியது. "வெளியிலை குளிரோ வெயிலோ எண்டு மணிக்கூட்டைக் கேக்கிறதோ? ஜன்னலைத் திறவும்." ஒன்றில் இலக்கத்துக்குப் பதிலாகக் கோடுகள். "விடிய நித்திரைத் தூக்கத்திலை கோடு எண்ணுறதோ?" ஒன்று டிக் டிக் என்றது. "இது நேரம் சொல்லேல்லை, குறை சொல்லுது." கடைசியில் ஆறு மணிக்கூடுகள் தேறின. ஆறுக்கும் பற்றரி போட்டார். முட்கள் விறுவிறென்று ஓடி வந்து பன்னிரண்டில் நின்றன. நின்றதுதான். அசையவில்லை.

"கட்டடம் முழுக்க இரும்பு. சிக்னல் வராது" என்றார். அடுத்த கணம் ஆறு மணிக்கூட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"அண்ணை! அண்ணை, நில்லுங்கோ!"

வாசலில் எச்சரிக்கை மணி அலறியது. காவல்காரன் ஓடி வந்தான். நான் ஒரு சட்டைத் தொங்கலுக்குப் பின்னால் நின்று, இந்த மனுஷனை எனக்குத் தெரியாது என்ற மாதிரி விலை பார்த்தேன். பிராங்பேட் அண்ணை அசைந்தால்தானே! தன்னிடமிருந்த அவ்வளவு டொச்சையும் எடுத்து விட்டார்.

"நிக்ஸ் கிளாவன்! பிராங்பேட் சூகன்!"

களவெடுக்கவில்லையாம், பிராங்பேட்டைத் தேடுகிறாராம். காவல்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு மிகவும் மரியாதையாக, பிராங்பேட் போவதென்றால் பெரிய ரயில் நிலையத்துக்குப் போகவேண்டும் என்று வழி சொன்னான். எப்படியோ கடைக்காரப் பெண் வந்து விஷயத்தை விளங்கிக்கொண்டாள். அவளும் கூட வர, நடைபாதையில் ஆறு மணிக்கூட்டையும் வரிசையாகச் சாய்த்து வைத்தோம். போகிற சனம் எல்லாம் நின்று பார்த்தது. வெள்ளை முகமும் பெரிய கறுப்பு இலக்கமும் உள்ள ஒன்று முதலில் துடித்து எழுந்து சரியான நேரத்துக்கு ஓடியது. "இதுதான் பிள்ளை" என்று அண்ணை அதைத் தூக்கி முத்தமிடாத குறை.

வீட்டில் அடுத்த கூத்து. வசந்தி தொலைக்காட்சிக்கு மேலே ஆணி அடித்து வைத்திருந்தாள். "ரீவீ சிக்னலைத் தின்னும்" என்றார் அண்ணை. குசினியில் குளிர்பெட்டி தின்னுமாம். மணிக்கூட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தார். சுவாமி வீதிவலம் போவது போல அவர் முன்னால் போக, நானும் வசந்தியும் ஆணியும் சுத்தியலுமாகப் பின்னால் போனோம். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் முட்கள் உயிர்பெற்றன. அங்கே எங்கள் கலியாணப் படம் தொங்கிக்கொண்டிருந்தது.

"கழட்டும்" என்றார் அண்ணை.

"என்ன அண்ணை, எங்கட கலியாணத்தைக் கழட்டிப்போட்டோ பிராங்பேட்டைக் கொழுவப் போறியள்?" என்றாள் வசந்தி.

"கலியாணம் எங்கை இருந்தாலும் நடக்கும், பிள்ளை. மணிக்கூடு நடக்காது."

கலியாணப் படம் வாசல் நடைச் சுவருக்குப் போனது.

முதல் நாளே வசந்தி மணிக்கூட்டின் பின்பக்கப் பொத்தானை அமத்தி, வழக்கம்போலப் பத்து நிமிடம் கூட்டி வைத்தாள். காலையில் அது சரியான நேரத்தில் நின்றது. மறுபடி கூட்டினாள். மறுபடி இறங்கியிருந்தது.

"நான் வைச்சதை ராவிலை வந்து ஆர் மாத்தினது?" என்று என்னைப் பிடித்தாள்.

"நானேன் மாத்திறன்?"

"இந்த வீட்டிலை வேறை ஆர் இருக்கினம்? பேயோ?"

இரண்டு நாள் எனக்குச் சோறு கொஞ்சம் குழைந்துதான் வந்தது. கடைசியில் அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டோம். "அண்ணை, இதைப் பத்து நிமிசம் கூட்டி வைக்க ஏலாதோ?"

பிள்ளையாருக்கு முட்டை படைக்கலாமா என்று கேட்டது மாதிரி அவர் முகம் போனது. "அது ராவிலை பிராங்பேட்டைக் கேட்டுத் தன்னைத் திருத்தும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது, பிள்ளை. பொய் சொல்லுறதெண்டால் உந்தத் தமிழ்க் கடை மணிக்கூட்டையே வைச்சிரும்."

ஆனால் வசந்தியின் உடம்புக்கு அந்தப் பத்து நிமிடம் ஊறிப்போயிருந்தது. மணிக்கூட்டைக் கண் பார்க்கும், மனம் பத்தைக் கழிக்கும். 'இன்னும் பத்து நிமிசம் இருக்குத்தானே' என்று தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடிப்பாள். ஒருநாள் அப்படிக் குடித்துவிட்டு இறங்கினால், பஸ் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிட்டது எங்கள் நிலை. இந்தத் தடவை ஷெஃபின் வாயால் சொல்லவில்லை. எழுத்தில் கொடுத்தார். இனி ஒரு தடவை பிந்தினால் பயிற்சி இடம் போய்விடும்.

வசந்தி சத்தம் போட்டு அழுகிற ஆளில்லை. அன்றைக்குக் குசினிக் கதிரையில் இருந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அழுதாள். "திருப்பியும் வாளியும் துடைப்பமுமோ எனக்கு? இவ்வளவும் படிச்சது அதுக்கோ?" என்றாள். பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

பின்னேரம் அண்ணை வந்தார். நடந்ததைக் கேட்டார். தேத்தண்ணியைத் தொடவில்லை. ஜன்னலடி மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமாதானமாக, "அண்ணை, உங்களிலை பிழையில்லை" என்றேன். அவர் எழும்பி, போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த நாள் விடிய எங்கள் வீட்டு மணி அடித்த அடியில் நான்கூட எழும்பிவிட்டேன். கீழிருந்து பேசும் கருவியில் பிராங்பேட் அண்ணையின் குரல்.

"பிள்ளை! அஞ்சே முக்காலாச்சு! இன்னும் என்ன செய்யிறீர்? பஸ் போகப்போகுது, கெதியா இறங்கும்!"

வசந்தி தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, சப்பாத்து நாடா கட்டாமல் ஓடினாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து முப்பத்தைந்து. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் ஐந்து முப்பத்தைந்துதான். எனக்கு விளங்க இரண்டு நிமிடம் எடுத்தது.

அன்று பின்னேரம் கடைத்தெருவில் அவரைப் பிடித்தேன். "அண்ணை, விடிய நீங்கள் பத்து நிமிசம் கூட்டிச் சொன்னனீங்கள்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தரிக்காயை அமத்திப் பார்த்துக்கொண்டு, "உம்மட மணிக்கூடு பிழை" என்றார்.

அந்த வாயால்! எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து வசந்தியிடம் சொன்னேன். அவளுக்கு பஸ் தரிப்பிலேயே விளங்கிவிட்டது. "எனக்குத் தெரியும். நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு பேசாமல் இருங்கோ" என்றாள். "அந்த மனுசன் எனக்காகப் பொய் சொல்லேக்கை, நான் இருந்து தேத்தண்ணி ஆத்தலாமோ?"

அதற்குப் பிறகு அவளுக்கு விடியவேலை இருந்த நாளெல்லாம் அவர் வந்தார். வேலைக்குப் போகிற வழியாம். அவர் ஏறுகிற ஊ-பான் சுரங்க ரயில் எங்கள் வீட்டுக்கு நேர்மாறான திசையில் என்பது எங்களுக்குத் தெரியாதா! லீவு நாளிலும் வந்தார். பனி கொட்டினாலும் வந்தார். கீழ்வீட்டு ஜெர்மன்காரி முதலில் சண்டைக்கு வந்தாள், பிறகு பழகி, மாடிப்படியில் எங்களைக் கண்டால் "பிள்ளை, கெதியா இறங்கும்" என்று வணக்கம் சொல்லத் தொடங்கினாள். வசந்தி படிப்பு முடியும்வரை ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. சோதனையில் சித்தியடைந்து, அதே இல்லத்தில் நிரந்தர வேலையும் எடுத்தாள். ஷெஃபின் கையைக் குலுக்கி, உங்களைப் பார்த்துத்தான் இங்கே மற்றவர்கள் நேரம் பழகவேண்டும் என்றாராம்.

அந்தச் செய்தியை அண்ணைக்குச் சொன்ன மறுநாள் விடிய வீட்டு மணி அடிக்கவில்லை. வசந்தி வேலைக்கு வெளிக்கிட்டு, கதவடியில் நின்றுகொண்டேயிருந்தாள். "அண்ணைக்குச் சுகமில்லையோ தெரியேல்லை. ஒருக்கால் போன் எடுத்துக் கேளுங்கோ" என்றாள்.

எடுத்தேன். முதல் மணியிலேயே தூக்கினார்.

"எனக்கென்ன ஐசே, நல்லாத்தான் இருக்கிறன். பிள்ளை பாஸ் பண்ணீட்டுதெல்லே, இனி நான் ஏன் வந்து கத்துவான்?"

வசந்தி என் கையிலிருந்த போனைப் பறித்தாள். "அண்ணை, கத்துறதுக்கு மட்டுமோ இவ்வளவு நாளும் நீங்கள் வந்தது? தேத்தண்ணி ஊத்திப்போட்டன். வாங்கோ."

அன்றைக்கு அவர் வந்து சேர எத்தனை மணியாயிற்று என்று எங்கள் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. வசந்தியும் ஷெஃபினுக்குப் போனில் சொல்லிவிட்டு, ஆறு மணி பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில்தான் போனாள்.