மாமனாரைக் காணோம்

இரண்டு கையிலும் இளநீரோடு ஜெயபிரகாஷ் திரும்பியபோது மாமனாரைக் காணோம்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்வரை அவர் அங்கேதான், மரப்பொம்மைக் கடைக்கு எதிரில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இப்போது மரப்பொம்மைகள் மட்டும் நின்றன. ஜமைக்காவின் அந்தத் துறைமுகச் சந்தையில் கப்பலிலிருந்து இறங்கிய கூட்டம் ஜேஜே என்று இருந்தது. தொப்பி போட்டவர்கள், தொப்பை தெரிய நடந்தவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். மாமனார் சுப்பையன் மட்டும் இல்லை.

ஜெயபிரகாஷ் பதறவில்லை. பதறுகிற ஜாதி இல்லை அவன். டெக்சாஸில், காப்பெலில் குடியிருக்கும் ப்ராஜெக்ட் மேனேஜர். ஆபீசில் சர்வர் மொத்தமாகப் படுத்துவிட்டாலும் 'எல்லாம் கன்ட்ரோலில் இருக்கிறது' என்று முதலில் மெயில் தட்டிவிட்டு, அப்புறம்தான் என்ன ஆயிற்று என்று விசாரிப்பான். இப்போதும் தன் இளநீரை நிதானமாகக் குடித்து முடித்தான். அதற்குள் வந்துவிடுவார் என்று எண்ணம். வரவில்லை. மாமனாரின் இளநீரையும் குடித்தான். அப்போதும் வரவில்லை.

காலையில் கயல் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கயல் அவன் மனைவி. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அவளுடைய அப்பா அம்மாவுக்காகத்தான் இந்தக் கப்பல் பயணமே. கால்வெஸ்டனில் கப்பல் ஏறியதிலிருந்து புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரே ஒரு தகராறுதான். தீவில் இறங்கினால் கப்பல்காரர்களே ஏசி பஸ் வைத்துச் சுற்றிக்காட்டிக் கொண்டுவந்து விடுகிறார்கள், அதில் போகலாம் என்பது கயலின் கட்சி. பஸ்ஸில் அடைத்துக் கூட்டிப்போவதெல்லாம் விவரம் தெரியாதவர்களுக்கு, நாமே இண்டிபெண்டண்ட்டாகச் சுற்றலாம், எல்லாம் ப்ளான் பண்ணியாகிவிட்டது என்பது ஜெயபிரகாஷ் கட்சி. இதே கப்பலில் வரவிருந்த காப்பெல் நண்பர்கள், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிய பாட்லக் விருந்தில் இதைப்பற்றி டிவியில் ஸ்லைடு போட்டே பேசியவன் அவன். கேட்டவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டிவிட்டுக் கப்பல் பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்தார்கள்.

மாமியார் வசந்தாமணிக்கு முட்டிவலி. அவருக்குத் துணையாகக் கயலும் கப்பலிலேயே தங்கிவிட்டாள். மிச்சம் மாமனார். அவர் மாப்பிள்ளை எதைச் சொன்னாலும் "ஆகட்டுங்க மாப்ள" என்பதோடு சரி. மாப்பிள்ளைக்கு எதிரில் கால்மேல் கால் போட மாட்டார். மாப்பிள்ளையை முந்தி நடக்க மாட்டார். தாகமாக இருக்கிறது, பாத்ரூம் எங்கே என்றுகூட மாப்பிள்ளையிடம் வாய் திறந்து கேட்க மாட்டார். அது அந்தப் பக்கத்து மரியாதை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது ஒரு சுற்றுகூட இளைக்கவில்லை. தன் ப்ளானிங்கைப் பார்த்துத்தான் மனிதர் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று ஜெயபிரகாஷ் நினைத்துக்கொண்டிருந்தான்.

கப்பலை விட்டு இறங்கும்போது கயல் அவனைத் தனியாக இழுத்து நிறுத்தினாள்.

"எங்கப்பாவுக்கு இங்கிலீஷும் வராது, வாய்விட்டுக் கேக்கவும் மாட்டார். அவரை எங்கயாவது தொலைச்சுட்டு வந்தீங்கன்னா அதோட முடிஞ்சது. இனிமே எல்லா ட்ரிப்பும் நான்தான் ப்ளான் பண்ணுவேன். நீங்க லக்கேஜ் தூக்கினா போதும்."

"நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான். ரோமிங்கில் பில் எகிறிவிடக் கூடாது என்று மாமனாரின் போனை வாங்கிக் கேபின் லாக்கரில் வைத்துப் பூட்டியதும் அந்தப் பார்த்துக்கொண்டதில் சேர்த்தி.

வேறு யாராக இருந்தாலும் தொலைத்த இடத்திலேயே நின்றிருப்பார்கள். ஜெயபிரகாஷ் நிற்கலாமா? ஆக்‌ஷன் எடுக்க வேண்டாமா? மரப்பொம்மைக்காரியிடம் போய், இந்தியர், வயதானவர், மீசை வைத்திருப்பார் என்று அடையாளம் சொன்னான். அவள் யோசித்துவிட்டு, அப்படி ஒருவர் சற்றுமுன் மலைப்பக்கம் போகிற வேனில் ஏறினார் என்று கைகாட்டினாள். மாமனார் எதற்கு மலைக்குப் போகிறார் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

வேன் என்றால் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன். ஏறிய ஜனம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தது. ரேடியோ அலறியது. ஜெயபிரகாஷின் மடியில் யாருடைய வாழைத்தாரோ வந்து உட்கார்ந்துகொண்டது. மலையேறி ஒரு திருப்பத்தில் நின்றபோது, சாலையோரச் சாப்பாட்டுக் கடை வாசலில் ஒரு முதுகு தெரிந்தது. அதே உயரம், அதே வழுக்கை, அதே பின்கைக்கட்டு. தொலைவில் தெரிந்த கடலைப் பார்த்தபடி நின்றிருந்தது. ஜெயபிரகாஷுக்கு உயிர் வந்தது. ஒரு போட்டோவே எடுத்துக்கொண்டான். பிறகு பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, "இப்படிச் சொல்லாமக் கொள்ளாம வந்தா எப்படி மாமா?" என்றான்.

முதுகு திரும்பியது. மாமனார் இல்லை.

கோபிச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்தினால் யாரும் வெளியூர்க்காரர் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் ஜமைக்காக்காரர். எந்தக் காலத்திலோ கரும்பு வெட்ட வந்த இந்தியர்களின் வம்சம். தன் கடை வாசலில்தான் நின்றிருந்தார். இந்தியாவிலிருந்து ஒருவன் வந்து தோளைத் தொட்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் ஆட்டுக்கறியும் சோறுமாக முன்னால் வைத்துவிட்டார். ஆளைத் தேடி வந்தேன் என்று ஜெயபிரகாஷ் சொல்லச் சொல்ல, முதலில் சாப்பிடு என்றார். சாப்பிட்டான். கறி நன்றாக இருந்தது. அதில் அவனுக்கே அவன்மேல் கோபம் வந்தது.

ஆள் எப்படி இருப்பார், போட்டோவைக் காட்டு என்றார் பெரியவர். ஜெயபிரகாஷ் போனைத் துழாவினான். இந்தப் பயணத்தில் எடுத்த செல்ஃபிகள் மட்டுமே ஒரு மூட்டை இருந்தன. எல்லாவற்றிலும் ஜெயபிரகாஷ் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தான். மாமனார் ஒன்றில் ஒரு காதாக இருந்தார். இன்னொன்றில் அரை மீசையாக இருந்தார். முழு மாமனார் ஒன்றில்கூட இல்லை. அந்தக் காதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று பெரியவர் பணிவாகத் தெரிவித்தார்.

அந்த நேரம் பார்த்து, கடையின் வைஃபையைப் பிடித்துக்கொண்டு போன் சிணுங்கியது. கயல். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாள். செம என்ஜாய்மென்ட் என்று தட்டினான். போட்டோ அனுப்பச் சொன்னாள். ஜெயபிரகாஷ் ஒரே ஒரு நிமிஷம்தான் யோசித்தான். கடலைப் பார்த்து நிற்கும் முதுகை அனுப்பிவிட்டான்.

பதில் உடனே வந்தது. "அப்பா வெள்ளைச் சட்டைதானே போட்டுட்டுப் போனார்? இதென்ன முதுகெல்லாம் கிளி?"

அப்போதுதான் அவனும் கவனித்தான். பெரியவரின் சட்டை முழுக்கப் பச்சையும் சிவப்புமாகக் கிளிகள்.

"நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஆசைப்பட்டார்."

கயலிடமிருந்து வரிசையாக இதயங்கள் வந்தன. பின்னாலேயே செய்தியும் வந்தது. "அம்மாகிட்ட காட்டினேன். விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. அந்தச் சட்டையோடவே கூட்டிட்டு வாங்க."

ஆக, இதுவரை மாமனாரைக் கண்டுபிடித்தால் போதும் என்று இருந்தது. இனிமேல் அவரைக் கண்டுபிடித்து அவருக்குக் கிளிச்சட்டையும் மாட்டியாக வேண்டும். பெரியவரிடம் சட்டையைக் கேட்டான். அவர் சட்டையை விலைக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். இந்தியத் தம்பிக்குச் சும்மாவே தருகிறேன், ஆனால் நான் வெற்றுடம்போடு கடையில் நிற்க முடியாதே என்றார். ஜெயபிரகாஷ் தன்னுடைய நீல டீஷர்ட்டைக் கழற்றிக் கொடுத்தான். நெஞ்சில் அமெரிக்கக் கம்பெனியின் பெயரோடு பெரியவர் கண்ணாடி பார்த்துப் பூரித்துப் போனார். ஜெயபிரகாஷ் கிளிகளை அணிந்துகொண்டு மலையிறங்கினான்.

சந்தையில் கூட்டம் குறைந்திருந்தது. துறைமுகச் சீருடையில் இரண்டு பேர், நீலச் சட்டை போட்ட ஆண்களையெல்லாம் நிறுத்தி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கிளிச்சட்டையை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இவர்களிடம் சொல்லிவிடலாமா என்று ஜெயபிரகாஷுக்குத் தோன்றியது. சொன்னால் கப்பலுக்குச் சொல்வார்கள். கப்பலில் மைக்கில் சொல்வார்கள். மைக்கில் சொன்னால் கயல் காதில் விழும். அவர்களைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கமாக நழுவினான்.

நழுவியவன் நேராகப் போய் ஸ்ரீநிவாசனிடம் மாட்டிக்கொண்டான். ஸ்ரீநிவாசன் காப்பெலில் நாலு வீடு தள்ளி இருப்பவர். பாட்லக்கில் எல்லாரையும்விட ஓங்கிக் கைதட்டியவர். சொகுசாக ஏசி பஸ்ஸில் அருவியெல்லாம் பார்த்துவிட்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன ஜேபி, சட்டையெல்லாம் தூள். மாமா எங்க?"

டாய்லெட்டில் இருக்கிறார் என்று வாயில் வந்ததைச் சொன்னான் ஜெயபிரகாஷ். அப்படியானால் சேர்ந்தே போகலாம் என்று ஸ்ரீநிவாசன் நின்றுவிட்டார். இருவரும் டாய்லெட் வாசலில் காவல் காத்தார்கள். ஆட்கள் போனார்கள், வந்தார்கள். சுப்பையன் வரவில்லை. ஸ்ரீநிவாசனுக்கு முகம் மாறியது. வயதானவர், உள்ளே மயக்கம் கியக்கம் போட்டு விழுந்திருந்தால் என்ன செய்வது என்று உள்ளே போய்ச் சாத்தியிருந்த கதவை, "மாமா, ஒண்ணும் பயப்படாதீங்க" என்று படபடவென்று தட்டினார். கதவைத் திறந்துகொண்டு ஆறடி உயர வெள்ளைக்காரர் ஒருவர் பெல்ட்டைப் பிடித்தபடி, மிகவும் பயந்துபோய் வெளியே வந்தார். மாமா பின்பக்கமாகப் போயிருப்பார், நீங்கள் முன்னால் போங்கள் என்று சொல்லி ஸ்ரீநிவாசனைத் தள்ளிவிடுவதற்குள் ஜெயபிரகாஷுக்குக் கிளிகளெல்லாம் வியர்வையில் நனைந்துவிட்டன.

கப்பல் ஒரு தடவை ஊதியது. கடைகளை மூட ஆரம்பித்தார்கள்.

மரப்பொம்மைக் கடை வாசலுக்கே திரும்பி வந்தான். பொம்மைகளை மூட்டை கட்டியிருந்தார்கள். மாமனார் நின்ற இடம் வெறும் தரையாக இருந்தது. அதைப் பார்த்ததும் இத்தனை நேரம் இருந்த தைரியம் போய்விட்டது. கையில் போன் இல்லை. பாஷை இல்லை. பசித்திருக்கும், யாரிடமும் கேட்டிருக்க மாட்டார். எங்கேயாவது ஒரு மூலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வருவார் என்று நின்றுகொண்டிருப்பார். அவர் அப்படி நிற்க, தான் ஆட்டுக்கறி சாப்பிட்டதும் டாய்லெட் வாசலில் நாடகம் போட்டதும் நினைக்க நினைக்க அவனுக்கு அவமானமாக இருந்தது. உங்களுக்கு என்ன பார்க்க ஆசை என்று அந்த மனிதரை இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லையே என்று முதல்முறையாக உறைத்தது.

ப்ளான் பண்ணுகிற பதவி போனால் போகட்டும். ஆயுசு முழுக்க லக்கேஜ் தூக்கினாலும் தூக்கிவிட்டுப் போகிறேன். மனுஷன் கிடைத்தால் போதும். ஜெயபிரகாஷ் கப்பலை நோக்கி ஓடினான்.

ஏணிப்படிக்குக் கீழே கடைசிப் பயணிகளைச் சரிபார்த்து ஏற்றிக்கொண்டிருந்தார் கப்பலின் செக்யூரிட்டி அதிகாரி. நெஞ்சில் மயில்சாமி என்று பெயர்ப் பட்டை இருந்தது. தமிழ்ப் பெயரைக் கண்டதும் ஜெயபிரகாஷுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காலையிலிருந்து மூடி வைத்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினான். இளநீர், வேன், சட்டை, பொய், எதையும் மறைக்கவில்லை.

"சார், எங்க மாமனாரைக் காணோம். தப்பு பூரா என்னோடது. அவர் இல்லாம நான் கப்பல் ஏற மாட்டேன். நீங்க கிளம்பறதா இருந்தா கிளம்புங்க, நான் இங்கயே இருந்து தேடறேன். என் வொய்ஃபைக் கூப்பிடுங்க, அவகிட்டயும் நானே சொல்லிடறேன்."

மயில்சாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். ஜெயபிரகாஷ் என்றான். காப்பெலா என்றார். ஆமாம் என்றான். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோய், ஆள் கிடைத்துவிட்டது, எல்லாரும் தேடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பலாம் என்று இங்கிலீஷில் சொன்னார்.

ஜெயபிரகாஷ் ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"கிடைச்சுட்டாரா? எங்க சார் இருந்தார்? நல்லா இருக்காரா?"

"நான் உங்களைச் சொன்னேங்க" என்றார் மயில்சாமி. "'மாப்பிள்ளையைக் காணோம், வழி தெரியாம எங்க நிக்கறாரோ பாவம், எம்பொண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டாமுங்க'ன்னு சொல்லிட்டு, உங்க மாமனார் காலையிலேர்ந்து பச்சைத்தண்ணி பல்லுல படாம என் ரூம்லதான் உக்காந்திருக்காருங்க."