கீர்த்தியின் நிலத்தை உழுதது நான்தான்

விஜயபுரம்,
ஆடி 9, வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி சிட்டிபாபு அவர்களுக்கு,

துலுக்காணம் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் சம்சாரம் அம்சவேணியும் உடம்பளவில் சுகம். புத்தலப்பட்டில் நீங்களும் சம்பந்தியம்மா ஸ்ரீதேவியும் உங்கள் மாந்தோப்பும் சுகமாக இருக்கக் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் துணை இருப்பார். முறைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது வேறு.

உங்கள் மகளும் என் மருமகளுமான கீர்த்தி செவ்வாய்க்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. நாலு நாளில் வருகிறேன் என்று சொன்னது. எதற்குப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. ஆனால் காரணம் எனக்குத் தெரியும். அது உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறதோ தெரியாது. அது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை என்று எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். இரண்டு தரம் உங்கள் நம்பரை அழுத்தி, நீங்கள் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். பத்தொன்பது வருஷம் ஒரே டிப்போவில், அதில் பாதிக்குமேல் ஒரே பஸ்ஸில் நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். அந்தக் காலத்தில் ஒரு பேச்சையாவது நீங்கள் ஆரன் அடிக்காமல் நான் முடித்திருக்கிறேனா? காகிதத்தில்தான் ஆரன் கிடையாது.

அண்ணே, சம்பந்தி என்று எழுத எழுதக் கை அண்ணே என்றுதான் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மதியம் ஒன்றேகால் வண்டி நமக்கு. பாகாலா தாண்டினால் இரண்டு பக்கமும் கடலைக் கொல்லை. ஆனி மாதத்தில் முதல் மழை பெய்த மறுநாள் அந்த வழியில் போனால் நிலம் பூராவும் உழுது போட்டிருப்பான்கள். செக்கச்செவேலென்று, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீப்பால் வாரிவிட்ட மாதிரி. டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும் என் கை நின்றுவிடும். நீங்களும் அந்த இடத்தில் மூன்றாவது கியருக்கு வந்துவிடுவீர்கள். லேட் ஆகிறதென்று ஜனங்கள் சத்தம் போட்டால், எருமை நிற்கிறது என்று நான் பொய் சொல்லுவேன். ரிட்டையர் ஆனதும் நமக்கென்று ஒரு துண்டு நிலம் என்று நாம் பேசிக்கொண்டது அந்த ஜன்னலில்தான். நீங்கள் மரம் என்றீர்கள், நான் மண் என்றேன். உங்களுக்குத் தோப்பு வந்தது. எனக்கு இங்கே ஒன்றரை ஏக்கர் வந்தது. அதோடு உங்கள் மகளும் மருமகளாக வந்தது.

கீர்த்தி வந்த நாளிலிருந்து நிலத்தை அதுதான் பார்க்கிறது. என் மகன் மோகன்ராஜுக்குத் தடா பக்கம் கம்பெனி வேலை, மண்ணைத் தொட நேரமில்லை. இந்தச் சித்திரைக் கடைசியில் கீர்த்தி பெண்கள் சங்கத்தில் கற்றுக்கொண்டு வந்து, மழைக்கு முன்னாலேயே கொள்ளு, காராமணி, உளுந்து, கம்பு, சணப்பு, இன்னும் என்னென்னவோ கலந்து, ஏர் ஓட்டாத காய்ந்த நிலத்தில் அள்ளி வீசியது. விவசாய ஆபீஸ்காரர்கள் தெலுங்கில் நவதான்யாலு என்கிறார்கள். மண்ணைச் சும்மா வெயிலில் போடக்கூடாதாம், மேலே இலை மூடியிருக்க வேண்டுமாம், கீழே வேர் ஓடவேண்டுமாம். பிறகு எல்லாவற்றையும் அறுத்து அங்கேயே பரப்பிவிட்டு, கோடு மட்டும் கிழித்து வேர்க்கடலை போடுவதாகத் திட்டம். உழவே வேண்டாம் என்றது. நானும் தலையை ஆட்டினேன். ஆனால் கோடை மழையில் அது முளைத்து இடுப்பளவு வந்தபோது பார்க்க வேண்டுமே. ஒரு செடி ஏறுகிறது, ஒரு செடி படுக்கிறது, ஒன்று மஞ்சளாகப் பூக்கிறது. பக்கத்து நிலத்து முனியப்பன் தினமும் வரப்பில் நின்று, நான் நிலம் வாங்கினேனா காடு வாங்கினேனா என்று விசாரித்தான். ஒரு நாள் அவன் மாட்டைக் கொண்டுவந்து அதில் கட்டியே விட்டான். தரிசு என்று நினைத்தேன் என்றான். ஒரு கண்டக்டரின் நிலத்தைப் பார்த்துத் தரிசு என்று சொல்லிவிட்டான்.

போன மாதம் கீர்த்திக்குச் சித்தூரில் ஐந்து நாள் பயிற்சி. அது கிளம்பிய மறுநாள் நல்ல தூறல். காலையில் வாடகைக்கு உழும் ரமணா தன் டிராக்டரில் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு ரோட்டில் வந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவனைக் கூப்பிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கை தானாக எழுந்தது, பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி வாய் தானாக 'ஹோல்டான்' என்றது. வண்டி நின்றுவிட்டது. நிறுத்திய வண்டியை ஒன்றும் இல்லாமல் எப்படி அனுப்புவது?

முதல் சாலில் செடியெல்லாம் மடங்கி உள்ளே போனது. இரண்டாவது சாலில் கட்டி உடைந்தது. அப்போது ரமணா டிராக்டரை நிறுத்தி, "சாலு சார், சாலு" என்றான். முப்பது வருஷம் தெலுங்கிலும் டிக்கெட் கொடுத்தவனுக்குச் சாலு என்றால் போதும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் அன்று என் காதுக்கு அது தமிழ் உழவுச் சாலாகத்தான் கேட்டது. இன்னொரு சால் என்றேன். ட்ரான்ஸ்பார்மர் கம்பத்தைச் சுற்றி ஸ்டே கம்பி இருந்ததால் அந்த மூலையில் மட்டும் வண்டி திரும்பாது என்றுவிட்டான். ஒரு பத்தடிக்கு இருபதடி செடி நின்றுபோனது. மற்றதெல்லாம் மாவு. சலித்தெடுத்த மாவு. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன் அண்ணே, கணுக்கால் வரைக்கும் புதைந்தது. அந்த வாசனையில் எனக்கு ஒன்றேகால் வண்டியும், பானெட்டின் சூடும், பின்சீட்டில் யாரோ உரிக்கும் கமலாப்பழமும் எல்லாம் திரும்பி வந்தது. பக்கத்தில் நீங்கள் இல்லையே என்றுதான் இருந்தது. முனியப்பன்கூட வரப்பில் நின்று, இப்போதுதான் நிலம் மாதிரி இருக்கிறது என்று ஒத்துக்கொண்டான். அம்சவேணி மட்டும் வந்து பார்த்ததும் திரும்பி உள்ளே போனாள். அன்று மதியம் குழம்பில் உப்பில்லை. கேட்கும் தைரியம் எனக்கில்லை.

உழுத மறுநாள் சாயங்காலம் மழை. நாற்பது நிமிஷம்தான், ஆனால் சரளை கொட்டுகிற மாதிரி. முதல் ஐந்து நிமிஷம் மண் குடித்தது. அப்புறம் வாயை மூடிக்கொண்டது. மேலே விழுந்த தண்ணீர் உள்ளே போகாமல் ரத்தம் மாதிரி சிவப்பாக ஓட ஆரம்பித்தது. என் மாவு பூராவும் கரைந்து முனியப்பனின் வரப்பை உடைத்து அவன் நாற்றங்காலில் போய் உட்கார்ந்தது. இரண்டு நாள் வெயில் அடித்ததும் மிச்சமிருந்த மேல்மண் அப்பளம் மாதிரி ஓடு கட்டி வெடித்தது. விரலால் தட்டினால் சத்தம் வருகிறது. ட்ரான்ஸ்பார்மர் மூலையில் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவுமில்லை, ஓடவுமில்லை. செடி நிமிர்ந்து நிற்கிறது. இலையை விலக்கினால் கீழே ஈரம், மண்புழு குவித்த மண். அந்த மூலையையும் உழுதிருந்தால் எனக்கு இவ்வளவு அவமானம் வந்திருக்காது.

பயிற்சி முடிந்து கீர்த்தி வந்தது. பையை வாசலிலேயே வைத்துவிட்டு நிலத்துக்குப் போனது. நான் பின்னால் போனேன். திட்டும், நாமும் இரண்டு பேச்சுப் பேசிவிட்டால் ஒரு வழியாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். திட்டவில்லை. போர்வெல் போட்டபோது மிஞ்சிய பைப் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து செடி மூலையில் மண்ணில் அடித்து இறக்கியது. அதில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, "மாமா, டைம் பாருங்க" என்றது. நான் வாட்சைச் சரியாகப் பிடிப்பதற்குள் தண்ணீர் காணோம். ஐம்பது விநாடி இருக்கும். அதே பைப்பை நான் உழுத இடத்தில் அடித்து அதே செம்புத் தண்ணீர். பதினேழு நிமிஷம் அண்ணே. வெயிலில் மருமகளும் மாமனாரும் ஒரு பைப்புக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு பதினேழு நிமிஷம். நடுவில் வாட்ச் ஓடுகிறதா என்று காதில் வைத்துக்கூடப் பார்த்தேன். பிறகு ஒரு கம்பியை எடுத்துக் குத்திக் காட்டியது. செடி மூலையில் முழங்கை வரை இறங்கிய கம்பி, என் மாவில் ஒரு சாண் போய் டக்கென்று நின்றது. மேலே மாவாக்கி, கீழே வருஷா வருஷம் டிராக்டர் கத்தி தேய்த்துத் தேய்த்துத் தரை போட்டு வைத்திருக்கிறோம், வேரும் போகாது, தண்ணீரும் போகாது என்று விளக்கியது. வாத்தியார் குரல் இல்லை. ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் படிக்கிற குரல்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலையில் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் செடி மூலை மண்கட்டி, ஒன்றில் என் மண்கட்டி போட்டு நான் இட்லி சாப்பிடும் மேஜையில் வைத்தது. என்னுடையது இரண்டாவது இட்லிக்குள் கரைந்து கஞ்சியாகிவிட்டது. அந்த இன்னொன்று அப்படியே கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது. வேரும் புழுவும் பிடித்து வைத்த மண் அப்படித்தான் இருக்குமாம். மதியம் வரைக்கும் நான் வேறெங்கும் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், யாரும் பார்க்காதபோது மேஜையை முழங்காலால் இடித்தேன். இரண்டு தரம். கரையவில்லை. திரும்பினால் கீர்த்தி கதவோரம் நிற்கிறது.

"மாமா, ரெண்டு மாசமா வேரு உள்ள போயி போயி வழி பண்ணிக்கினு இருந்துச்சி. அத்த நாம ஒரே காலையில மாவாக்கிட்டோம்" என்றது.

நாம என்று சொன்னது அண்ணே. அது ஐந்து நாள் சித்தூரில் இருந்தது. உழுதவன் நான் ஒருத்தன். நீங்க என்று சொல்லியிருந்தால் எனக்கு ராத்திரிச் சோறு இறங்கியிருக்கும்.

மோகன்ராஜ் போனில், "ஏன் நைனா?" என்று மட்டும் கேட்டான். பத்தொன்பது வருஷ ஜன்னலை அவனுக்கு எப்படிச் சொல்வது? மறுநாள் முதல் நான் வாயைத் திறக்காமல் வேலை செய்கிறேன். முனியப்பனின் வரப்பைக் கட்டிக் கொடுத்தேன். ஓடு கட்டிய மண்ணைக் களைக்கொட்டால் கீறி, நகரி சந்தையில் கொள்ளும் காராமணியும் வாங்கி வந்து கையாலேயே குத்திக் குத்திப் போட்டேன். கால்வாசி முளைத்திருக்கிறது. மற்றது மண்ணோட்டை முட்டிக்கொண்டு கழுத்து மடங்கி நிற்கிறது. ஒவ்வொன்றாகக் குனிந்து ஓட்டை உடைத்து விடுகிறேன். இந்தப் பருவம் கடலை இல்லை என்று கீர்த்தி சொல்லிவிட்டது. அப்படியிருக்கும்போதுதான் செவ்வாய்க்கிழமை பையை எடுத்தது.

அண்ணே, ஒன்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு தரம் புத்தலப்பட்டு ஸ்டாப்பில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஏறுவதற்குள் நான் விசில் அடித்துவிட்டேன். நீங்கள் கண்ணாடியில் பார்த்து, அத்தனை பெரிய வண்டியை அரை பர்லாங் பின்னுக்கே கொண்டுபோய் அவளை ஏற்றினீர்கள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்திரகிரி வரும்வரை நான் முன்பக்கமே வராமல் பின்படியிலேயே நின்றேன். சந்திரகிரியில் இறங்கி இரண்டு டீ சொல்லி ஒன்றை என் கையில் கொடுத்தீர்கள். அவ்வளவுதான், முடிந்தது. உங்கள் மகளுக்கும் உங்களுடைய அதே மௌனம்தான் வந்திருக்கிறது. சந்திரகிரி எப்போது வரும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லி அதை அனுப்பி வையுங்கள். இனி என் ஆயுசில் இந்த நிலத்தில் ரோட்டவேட்டர் இறங்காது. காணிப்பாக்கத்தில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்கிறேன். அந்தப் பிள்ளையார் முன்னால் நம் பக்கத்தில் எவனும் பொய்ச் சத்தியம் செய்ததில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். கீர்த்திக்கு என் ஆசி, அது ஏற்றுக்கொண்டால். உங்கள் தோப்பில் காய்த்தது எல்லாம் பழுக்கட்டும், பழுத்தது எல்லாம் விலைபோகட்டும்.

இப்படிக்கு,
தவறை முழுவதும் ஒப்புக்கொள்ளும்,
துலுக்காணம்

பின்குறிப்பு: கவரில் போடுவதற்கு முன்னால் அம்சவேணி இதை வாங்கிப் படித்தாள். படித்து முடித்துச் சிரிக்கிறாள். கீர்த்தி கிளம்பியது என்மேல் கோபத்தில் இல்லையாம். உங்கள் தோப்பில் மாமரங்களுக்கு நடுவே போன தரம் அது விதைத்துவிட்டு வந்த கொள்ளு கண்ணுக்குக் காடு மாதிரி இருக்கிறதென்று, நீங்கள் ரோட்டவேட்டர்காரனுக்குச் சொல்லிவிட்டீர்களாம். திங்கட்கிழமையே சம்பந்தியம்மா போன் செய்து வரச் சொல்லியிருக்கிறார். அம்சவேணிக்கு அன்றே தெரியும். ஏன் சொல்லவில்லை என்றால், "நாலு நாளா நீ பேசாம வேல செஞ்சிக்கினு இருந்த, பாக்க நல்லா இருந்துச்சி" என்கிறாள். ஆகவே மேலே உள்ள பக்கங்களை நான் அனுப்பப் போவதில்லை. இந்தப் பின்குறிப்பை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கீர்த்தி பக்கம் பேசத்தான் வருகிறேன் என்று இங்கே சொல்லியிருக்கிறேன். டிராக்டர் இன்னும் தோப்பில்தான் நிற்கிறது என்றால், அண்ணே, நான் வந்து சேரும்வரை அனுப்பிவிடாதீர்கள்.