ததேயுஸ் உயிரோடிருக்கிறார் என்று அச்சிடக் கோரி

கோட்டாறு,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய 'தென்கரைச் சுடர்' நாளிதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் நாளிதழுக்குக் கோட்டாற்றில் முப்பத்துநான்கு ஆண்டுகளாகப் பேப்பர் முகவராகவும், மரண அறிவிப்பு விளம்பரங்கள் பிடித்து அனுப்புபவனாகவும் இருந்துவரும் ம. ததேயுஸ் பணிவுடன் எழுதுவது. தாங்களும் அலுவலகத்தாரும் நலமென்று நம்புகிறேன். நானும் நலம். இதை வழக்கமான மரியாதைச் சொல்லாக எண்ணிக் கடந்துவிட வேண்டாம், இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

என் தொழில்முறை தாங்கள் அறிந்ததே. உடலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு மரணத்தையும் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. ஆனால் ஆள் போன பிறகு அந்த வீட்டில் நல்ல படம் அகப்படாது, பிள்ளைகளின் பெயரை வரிசையாகச் சொல்லவும் ஆளிருக்காது என்பதால், அறுபது தாண்டிய தெரிந்தவர்களின் விவரங்களை ஒரு பச்சை அட்டை நோட்டில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வேன். கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் சில பெரியவர்கள் பந்தி மாறி உட்காருவார்கள். அது வேறு விஷயம். நோட்டின் முதல் பக்கம் என்னுடையது. ஊருக்கெல்லாம் எழுதியவன் தன்னை விட்டுவிட்டால் நன்றாயிராது அல்லவா? "ம. ததேயுஸ் (68) இறைவனில் இளைப்பாறினார். வருந்துவோர்: மனைவி குளோரி, மகள் பெபிஷா." ஒரு மகனும் உண்டு. அவன் பெயர் அதில் இல்லாத காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குக் கண் மங்கிவருவதால், மாமியார் வீட்டிலிருந்து வந்திருக்கும் பெபிஷா அந்த நோட்டைத் தன் போனில் அடித்துத் தர ஒப்புக்கொண்டாள். திங்கட்கிழமை காலை முதல் பக்கத்தை முடித்து எனக்கு அனுப்பப் போனவள், எங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். அன்பியம் என்பது எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த தெருக்காரர்கள் முப்பது குடும்பம். ஒரு நிமிடத்தில் நாற்பத்துமூன்று கும்பிட்ட கைகள் வந்து விழுந்தனவாம். என்னிடம் சொல்லப் பயந்து அவள் மாடியில் நின்று அதை அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் செய்தி நெய்யூர், குழித்துறை எல்லாம் கடந்து வளைகுடா வரை போய்விட்டது. கோயிலில் உபதேசியார் துக்கமணி அடித்தார். கீழே மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், போனது யார், விளம்பரம் கிடைக்குமா என்று யோசித்தேன். அப்போதுதான் என் சிநேகிதன் முத்துநாயகம் மலர்வளையத்தோடு வாசலில் வந்து நின்றான்.

"ஏ ததேயு, இருக்கியா?"

"இருக்கேன்டே."

"அப்பம் இத என்ன செய்ய? கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டானே!"

சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். குளோரி அதற்குத் தண்ணீர் தெளித்துவருகிறாள். "அப்பா, கை மாறிப் பட்டுட்டு" என்று பெபிஷா அழுதுகொண்டே இறங்கி வந்தது அதற்குப் பிறகுதான்.

செவ்வாய்க்கிழமை வங்கிக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் எங்கள் பங்குப் பெண் சபிதா, நல்ல மனதோடு என் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தாள். நான்தான் எதிரே நிற்கிறேனே அம்மா என்றேன். "அங்கிள், நிக்கியது தெரியுது. சிஸ்டம் ஒத்துக்கணும்லா" என்றாள். விரலை வைக்கச் சொன்னார்கள். தங்கள் நாளிதழை எண்ணி எண்ணித் தேய்ந்த விரல்கள் ஐயா. கருவி பத்தையும் தள்ளிவிட்டது. அங்கிருந்து சைபர் போலீசாரிடம் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழுவில் வருவதற்கு அட்மினும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். அட்மின் எங்கள் பங்குத்தந்தை. அனுப்பியது என் மகள். எழுதியது நான். "இதுல யாரு மேல புகார் குடுக்கிய?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

காலம் இப்படி மாறும் என்று முன்பே சொன்னவன் என் மகன் டிஜோ. ஆறு வருடத்துக்கு முன், "அப்பா, இனி ஆளுவ சாவுச் செய்திய பேப்பர்ல தேட மாட்டாவ. போன்லதான் பாப்பாவ. நாம இப்பமே அதுல ஒண்ணு தொடங்குவோம்" என்றான். "சாவ ஃபார்வேர்டு செய்யதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்? எறங்குலே வெளிய" என்றேன். இறங்கியவன் தோஹாவில் போய்த்தான் நின்றான். தங்கை கல்யாணத்துக்கும் வரவில்லை, போனில் பார்த்தான். யாரோ கேமராவை என் பக்கம் நீட்டியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கல்யாணம் முடிந்த கையோடு நோட்டை எடுத்து அவன் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். மாதம் பன்னிரண்டு அறிவிப்பு அனுப்பிய நான் இப்போது இரண்டு அனுப்பினால் அதிகம். அவன் சொன்னது சரிதான். தங்களிடம் சொல்லிவிட்டேன், அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆனாலும் ஐயா, பேப்பரில் வந்தால்தான் ஒரு விஷயம் நடந்ததாக அர்த்தம். எனவே வெள்ளிக்கிழமை இதழில் இரண்டாம் பக்கத்தில், என் படத்துடன், "கோட்டாறு ததேயுஸ் உயிரோடிருக்கிறார்" என்று வெளியிட்டு என்னை ஊருக்குத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பொய்யான மரணம் ஒன்றையும் தங்கள் நாளிதழ் அச்சிட்டதில்லை என்ற பெருமை என்றும் நிலைக்கட்டும்.

தங்கள் அச்சு இயந்திரம் பழுதில்லாமல் ஓடவும், தங்கள் வீட்டில் இந்த ஆண்டு நல்ல காரியங்களே நடக்கவும் மாதாவை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் உண்மையுள்ள முகவர்,
ம. ததேயுஸ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் குளோரி போனோடு வந்து, "இஞ்ச, இதக் கேளுங்க" என்றாள். டிஜோவின் குரல். "அம்மா, அரை மணிக்கூறு நான் பாத்ரூம்ல நின்னு அழுதேன். அதுல எனக்க பேரு இல்லாததையும் பாத்தேன். பிறகு பெபிஷா கூப்பிட்டு, அப்பா இருக்காருன்னு சொன்னா. அதுக்குள்ள கம்பெனியில பத்து நாளு லீவு எழுதிக் குடுத்தாச்சு. சனிக்கிழமை பிளைட் ஏறுகேன். போன்ல வந்தது செல்லாதாம், திரும்பி வரும்போது பேப்பர்ல வந்த அறிவிப்பக் காட்டணுமாம். அப்பாட்ட கேக்கியா?"

ஆகையால் மேலே கேட்டிருக்கும் மறுப்பைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம். அதே வெள்ளிக்கிழமை, அதே இடத்தில், என் மரண அறிவிப்பை வெளியிடவும். உடலை இன்று காலை சவரம் செய்யும்போது கண்ணாடியில் நானே பார்த்துவிட்டேன். வாசகத்தில் ஒரே ஒரு திருத்தம். "வருந்துவோர்: மகன் டிஜோ, மனைவி குளோரி, மகள் பெபிஷா." அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கட்டும்.