தந்தியா, கணக்கா?

லாலாகுடா ரயில்வே காலனி,
செகந்திராபாத்.
1945 டிசம்பர், செவ்வாய், மாலை ஐந்து மணி

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை உலகநாதன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் லலிதாம்பாளின் புருஷன் பழனிசாமி எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். அங்கு உங்கள் சுகத்தைக் கேட்கத்தான் வாய் வரவில்லை. டில்லி சட்டசபைக்கு நின்று தொள்ளாயிரத்துப் பதினாலு வோட்டில் தோற்றுப்போன மனுஷரிடம் சுகமா என்று எப்படிக் கேட்பது? உங்கள் அக்காள் மூன்று மணியிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை. அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு, அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

இங்கே எங்களில் ஒருவருக்கும் வோட்டு கிடையாது. நிஜாம் சீமையில் குடியிருக்கிறவனுக்கு டில்லி சட்டசபைக்கு ஏது வோட்டு? ஆனாலும் முடிவு மட்டும் சுடச்சுட வேண்டும். காலனி வாசகசாலையில் ஒரு கரும்பலகை வைத்து, முடிவுகளை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் ஸ்டேஷன் பலகையில் ரயில் நேரம் எழுதி ரிடையர் ஆனவன் நான். என் பலகையைப் பொய் என்று இதுவரை ஒரு பயணி சொன்னதில்லை. வராத ரயிலுக்கு நேரம் எழுதுவதுதானே என் உத்தியோகம்! காஜிபேட்டையை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று தெரிந்தால் போதும், இங்கே எப்போது வந்து நிற்கும் என்று மூக்கைச் சொறிந்துகொண்டே சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கதோஷம்தான் என்னைக் கவிழ்த்தது. நேற்றுக் காலையில் உங்கள் ஏஜெண்டு இராமச்சந்திரன் தந்தி கொடுத்தார். இருபது பெட்டியில் இரண்டு எண்ணியாயிற்று, நீங்கள் 412, எதிராளி 280 என்று. நான் ரயில் கணக்குப் போட்டு, ‘உலகநாதன் 4120, எதிராளி 2800’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன்.

அவ்வளவுதான், காலனி தலைகீழானது. ஒர்க்ஷாப் பிட்டர் சூசைராஜ் திருமுல்கேரிக்கு ஓடி, பட்டாளத்து பாண்டில் ஊதுகிற இரண்டு பேரைக் கூட்டிவந்துவிட்டான். பக்கத்து வீட்டுக் கமலம் மாசத்து ரேஷன் சர்க்கரை முழுவதையும் கொட்டிக் கேசரி கிளறினாள். நீங்கள் ஊரில் இல்லாததால் மாலையைப் பலகைக்கே போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் தந்தி ஆபீஸ் அப்துல் ரஹீம் வந்து, கேசரியைக் கையில் வாங்கிக்கொண்டு, வாயில் போடாமல் பலகையையே பார்த்தார்.

“அண்ணே, இந்த நம்பர் எந்தத் தந்தியில வந்துச்சு? என் கை வழியா வரல்லியே.”

“கணக்குப் போட்டேன் ரஹீம்.”

“நக்கோ அண்ணே, வேணாம்! ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கு. வோட்டுக்கு ஏது தண்டவாளம்?”

மாப்பிள்ளை, எனக்குச் சுருக்கென்றது. துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்தேன், கை வரவில்லை. மாலையைக் கழற்றி, 4120-ஐ எல்லாருக்கும் தெரிகிறபடி ஒரு கோடு போட்டு அடித்து, ‘இது என் கணக்கு, தந்தி அல்ல’ என்று எழுதினேன். இனி எந்த நம்பர் எழுதினாலும் அது தந்தியா கணக்கா, எத்தனை பெட்டி, எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் எழுதுவதாகச் சத்தியம் செய்தேன். பிடித்துக்கொண்டது காலனி! கமலத்தின் புருஷன் ‘அம்மா வரப்போறாங்க’ என்றால், “தந்தியா, கணக்கா?” என்கிறாள் கமலம். ரசம் பிரமாதம் என்று நான் சொன்னதற்கு உங்கள் அக்காளும், “வாயில வச்சுப் பாத்தீங்களா, இல்ல கணக்கா?” என்று கேட்டாள்.

இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாசகசாலை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, அடுத்த தந்திக்குக் காத்திருந்தேன். மார்கழி வெயில், பாலாடை மாதிரி உடம்பில் படிகிற வெயில். பெஜவாடா பாசஞ்சர் எங்கோ ஊதியது. ஊதியது நெருங்கி வந்தது, காலனித் தோட்டம் வழியாகவே, கத்தரிச் செடி ஒன்றுகூடச் சாயாமல் மெதுவாக வந்தது. ஜன்னல் ஜன்னலாக வோட்டுப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. எனக்கு அது கொஞ்சமும் ஆச்சரியமாக இல்லை, நேரத்துக்கு வந்துவிட்டதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. கார்டு பெட்டியிலிருந்து தந்திப் பியூன் இறங்கினான். வெறுங்கால், நடந்த சத்தமே இல்லை. காகிதத்தை என் கையில் வைத்தான், பனி பட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது. இருபது பெட்டியும் எண்ணியாயிற்று, 914-இல் தோல்வி. எழுந்து நேரே பலகைக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘தோல்வி 914, தந்தி, மணி மூன்று’ என்று எழுதினேன். மனசு உடைந்தது மாப்பிள்ளை, ஆனால் பலகையில் உண்மை இருந்தது.

நீங்கள் இடிந்துபோக வேண்டாம். எண்ணினவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். பெட்டிக்குப் பெட்டி என்ன விழுந்தது, யார் எண்ணினது, யார் பக்கத்தில் நின்று பார்த்தது என்று ஊர் அறியச் சொல்லச் சொல்லுங்கள். வோட்டுப் போட்டவனுக்கு நம்பர் மட்டும் போதாது, அந்த நம்பர் வந்த வழியும் தெரியவேண்டும். ரயில்வேக்காரன் நான் இதை அனுபவித்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டாருக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். தோற்றாலும் நீங்கள் எங்களுக்கு மெம்பர்தான்.

இப்படிக்கு,
உங்கள் நலம் தேடும்
பழனிசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் ரஹீம் வந்தார். துக்கம் கேட்க வந்தவர், வாசலிலேயே நின்று, “அண்ணே, காலையிலேர்ந்து உங்களுக்குத் தந்தியே வரல்லியே?” என்றார். சட்டைப்பை, மேஜை, நாற்காலிக்கு அடியில், எல்லாம் தேடினேன். காகிதம் இல்லை. கையில் வேப்பஞ்சருகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். உங்கள் அக்காள் அடுப்படியிலிருந்து வந்து என்னை ஏற இறங்கப் பார்த்து, “நாற்காலியில உக்காந்தா ரெண்டே நிமிஷத்துல குறட்டை விடுவீங்களே!” என்று சொல்லிவிட்டு, சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பலகைக்குப் போய், ‘தந்தி’ என்ற சொல்லை அடித்து, பக்கத்தில் ‘கனவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். சூசைராஜ் முதல் எல்லாரும் பார்த்தார்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றால் உங்கள் அக்காள் விடவில்லை. “பலகையில மட்டும் அடிச்சு எழுதுவீங்க, தம்பிக்கு எழுதினதைக் கிழிச்சிடுவீங்களா?” என்கிறாள். ஆகவே அப்படியே அனுப்புகிறேன். நீங்கள் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று உடனே தெரிவிக்கவும். எத்தனை பெட்டி எண்ணியாயிற்று என்பதையும் சேர்த்து எழுதவும்.