செங்கமலக் கட்டணம்

மலையும் மடையும் நிறைந்த நீரகம் என்ற நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. தண்ணீருக்காகத் தமக்கு ஆகும் செலவை எவரும் தமக்குக் கீழே இருப்பவரிடம் தள்ளிவிடலாம். லாபம் மட்டும் வைக்கக் கூடாது. இதைவிட நேர்மையான சட்டம் உலகத்தில் இல்லை என்று அந்த நாட்டுப் பாடப்புத்தகங்கள் சொல்லின.

குழாய்க் கண்காணி விருத்தகிரி, செங்கமலத்தின் வாசலில் திருகுசாவியோடு நின்றார். தெருவே கூடிவிட்டது. உச்சிப்பொழுதுக்குள் ரசீதில் கண்ட தண்ணீர்ப் பணத்தைக் கட்டாவிட்டால் குழாயை மூடிவிடுவார். உள்ளே அவள் மகள் மூன்று நாள் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள்.

"குடிச்ச தண்ணிக்கு நாலு காசு, சரி. அணை அதிகாரிக்குப் பட்டுக்குடை, மந்திரி வாய்க்காலைப் பார்க்க வந்த பல்லக்கு, இதெல்லாம் ஏங்கய்யா என் தலையில?"

"அம்மணி, இதில் எமக்கு இம்மியும் லாபமில்லை. மந்திரி அணை அதிகாரியிடம் தள்ளினார், அணை அதிகாரி எம்மிடம், யாம் உம்மிடம். மேலிருந்து வந்ததை அப்படியே கீழே தருகிறோம்."

"எனக்குக் கீழ யாருங்கய்யா இருக்கா?"

"கீழே யாருமில்லாதவரைத்தான் சட்டம் குடிமக்கள் என்கிறது." சாவியைக் குழாயில் மாட்டினார்.

செங்கமலத்தின் பார்வை வாசல் சாக்கடைமேல் போயிற்று.

"இந்தத் தண்ணி எங்க போய்ச் சேருது?"

"அரண்மனைத் தோட்டத்துக்கு." சொன்ன பிறகுதான் அவருக்கு வியர்த்தது.

"அப்ப எனக்குக் கீழ ராஜாதான். இந்தாங்க ரசீது."

சட்டம் சட்டம்தானே? சாவி கழன்றது, ரசீது அரண்மனைக்குப் போயிற்று. "பலே அக்கா!" என்று கை தட்டினான் பக்கத்து வீட்டு மாசிலாமணி.

அரசர் கோபப்படவில்லை. ரசீதை இரண்டு முறை படித்தார், சட்டத்தை மெச்சினார், தமக்குக் கீழே இருந்த மந்திரியிடம் நீட்டினார். மந்திரி அதைச் சுமந்த குதிரைக்குக் கொள்ளுச் செலவைச் சேர்த்து அணை அதிகாரியிடம் தந்தார். மறுமாதம் தெருவில் எல்லா வீட்டு ரசீதிலும் ஒரு புது வரி இருந்தது: செங்கமலக் கட்டணம், பன்னிரண்டு காசு.

அரசரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெரு மறுபடி அவள் வாசலில் கூடியது.

"உன் வாய்க்கொழுப்புக்கு நாங்க ஏன் கட்டணும்?" என்றான் மாசிலாமணி.

"உள்ள பச்சப்புள்ள இருக்குடா தம்பி."

விருத்தகிரி இம்முறை குழாயைத் தொடவில்லை. திருகுசாவியை மாசிலாமணியின் கையில் வைத்தார்.

"மேலிருந்து வந்தது. அப்படியே தருகிறோம்."

மாசிலாமணி நாலு திருகு திருகினான். தண்ணீர் நின்றது.

அடுத்த மாதம் அவன் ரசீதில் மட்டும் இன்னொரு வரி கூடியிருந்தது: சாவித் தேய்மானம்.