புகை ரீச்சர் ஈயம் உருக்கிய கதை

உடுவிலிலிருந்து திருநெல்வேலிச் சந்தை வரைக்கும் புகை ரீச்சருக்குப் பயப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஈயம். மனிதர்கள் பயந்தார்கள், நாய்கள் பயந்தன, பலாலி வீதி மினிபஸ்கள்கூட அவருடைய ஸ்கூட்டியைக் கண்டால் ஓரங்கட்டின. ஈயம் மட்டும் அவர் சொன்ன இடத்தில் நிற்காது.

சந்தைக்குப் பக்கத்தில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், சனிக்கிழமைகளில் இலெக்ரோனிக்ஸ் வகுப்பு நடந்தது. வங்கியில் வேலை செய்கிற நான், வீட்டில் பழுதாகிறவற்றை நானே திருத்தலாமே என்று சேர்ந்திருந்தேன். மற்றவர்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கிற கம்பஸ் பிள்ளைகள். முதல் நாள் கைப்பையும் குடையுமாக ஓர் அம்மா படியேறி வந்தார். அவரைக் கண்டதும் எங்கள் சுதன் மாஸ்டர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். வந்தவர் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மாஸ்டர் சின்ன வயதில் அவரிடம் ரியூஷனுக்குப் போனவராம்.

"என்ன முழிக்கிறாய்? நான் படிக்க வந்தனான். இரு."

மாஸ்டர் உட்கார்ந்தார்.

ஈயத்தால் பற்றவைக்கிற சொல்டரிங் அயனைப் பிடிப்பதுதான் முதல் பாடம். வயரையும் தகட்டையும் முதலில் சூடாக்க வேண்டும்; பிறகு ஈயத்தைக் காட்டினால் அது தானாக உருகி ஓடி, மினுங்கிக்கொண்டு பிடிக்கும். ரீச்சர் சூடாகும்வரை காத்திருக்கிற ஆளில்லை. ஈயத்தை நேரே அயனின் நுனியில் அழுத்துவார். புகை எழும்பும். புகைக்குள்ளிருந்து இருமல் கேட்கும். புகை விலகினால் தகட்டின்மேல் ஒரு கொழுக்கட்டை உட்கார்ந்திருக்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

மாஸ்டர் கொழுக்கட்டையைக் குனிந்து பார்த்தார். "நல்லாயிருக்கு, ரீச்சர்."

"பொய் சொல்லாதை. நீ பிழையாச் செய்த கணக்குக்கு நான் எப்பவாவது சரி போட்டனானோ?"

"இல்லை, ரீச்சர்."

"அப்ப எனக்கு முட்டை போடு."

மாஸ்டர் வெள்ளைப்பலகையில் ஒரு முட்டை போட்டார். ரீச்சருக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

அதன் பிறகு அவர் கையில் அகப்பட்ட உலோகமெல்லாம் பயிற்சிக்குப் போனது. பித்தளை ஊசி, பழைய றேடியோவின் வயிறு, குத்துவிளக்கின் உடைந்த துண்டு. ஒருநாள் சாவிக்கொத்திலிருந்த கேற் திறப்பையும் அலுமாரித் திறப்பையும் தவறுதலாகச் சேர்த்து ஒட்டிவிட்டார். இரண்டும் பிரியவே இல்லை. "பாத்தியளோ, இதுதான் நான் ஒட்டினதில திறமானது!" என்று எங்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். அன்று அவர் வீட்டுக்குள் போனது மதிலேறி.

ஒட்டியதைக் குறட்டால் பிடித்து இழுத்துப் பார்ப்பதும் அவர் கொண்டுவந்த சட்டம்தான். தன்னுடையதை இழுத்தார், கழன்றது. எங்களுடையதையும் இழுத்தார், அவையும் கழன்றன. கம்பஸ் பிள்ளைகள் வாங்கிய 'வெரிகுட்' எல்லாம் மேசையில் உதிர்ந்து கிடந்தன. அதற்குப் பிறகு மாஸ்டர் யாருக்கும் சும்மா நல்லது சொன்னதில்லை. நாங்களும் ஓரளவு ஒட்டப் பழகினோம்.

"ஏன் ரீச்சர் இந்த வயசில இவ்வளவு பாடு?" என்று நான்தான் ஒருநாள் கேட்டேன்.

அயனைத் தாங்கியில் வைத்துவிட்டுச் சொன்னார். அவருடைய கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். டோர்ச் லைற் அளவில் ஒரு கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்தித்தான் இப்போது பேசுகிறார். உள்ளே பற்றரி வயர் அடிக்கடி கழன்றுவிடும். ஒவ்வொரு முறையும் கடையில் கொடுத்துவிட்டு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேறு கருவி கிடையாது. அதுவரைக்கும் மனிதர் ஊமை.

"அந்தாள் கதைக்கிற குரல் ஏன் ஊரான்ரை மேசையில கிடக்கவேணும்?" என்றார் ரீச்சர். "அதுதான் தம்பி, பழக வந்தனான்."

அதன்பின் அவருடைய புகைக்கு நாங்கள் யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டியின் பின்னால் கணவரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். அன்று காலை கருவி மறுபடியும் நின்றுவிட்டதாம். மாஸ்டர் கையை நீட்டினார்.

"தாங்கோ ரீச்சர், நான் செய்துதாறன்."

"நீ பக்கத்தில நில். கதையாதை."

புகை படாமல் கணவரை யன்னலோரம் இருத்தினோம். ரீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கருவியைத் திறந்து குனிந்தார். அந்த நேரம் பார்த்துக் கணவர் தன் கண்களைத் தொட்டுத் தொட்டு எங்களுக்குக் கை காட்டத் தொடங்கினார். கண் எரிகிறதாக்கும் என்று மாஸ்டர் மின்விசிறியைத் திருப்பிவிட்டார். அழுகிறாராக்கும் என்று ஒரு பிள்ளை கைலேஞ்சி கொடுத்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு இன்னும் வேகமாகக் காட்டினார்.

"இஞ்சாருங்கோ, சும்மா இருங்கோ! என்னை வேலை செய்ய விடுங்கோ."

முதல்முறை கொழுக்கட்டை. "முட்டை," என்று தனக்குத்தானே சொல்லி, ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டார். இரண்டாம்முறை அயனை வயரோடு சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். புகை ரீச்சர் காத்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஈயம் ஓடியது, மினுங்கியது. குறட்டால் இழுத்தார். அது அசையவில்லை. மாஸ்டர் பார்த்துவிட்டு, "சரி, ரீச்சர்," என்றார். பயத்தில் சொன்ன 'சரி' அல்ல.

கருவியை மூடிக் கணவரின் கையில் கொடுத்தார். அவர் அதைப் பறித்துக் கழுத்தில் வைத்து அழுத்தினார். வண்டு இரைவது போன்ற குரல் அறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது:

"நீர் போட்டிருக்கிறது என்ரை கண்ணாடி!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார், சேலைத்தலைப்பால் மெதுவாகத் துடைத்தார், ஆனால் கொடுக்கவில்லை.

"விளங்கேல்லை," என்றார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."