மாரி எந்தத் தோட்டத்துப் பையன்?

அக்கரப்பத்தனை,
ஆனி, 1963.

பூண்டுலோயாவில் மதிப்போடு வாழும் மைத்துனர் வீரய்யா அவர்களுக்கு, தங்கள் தங்கை ராசம்மாவைக் கட்டிய சோலைமலை வணங்கி எழுதுவது. இங்கே மழையும் நாங்களும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் அக்காவும் மருமகன் அழகுமுத்துவும் சளி இருமல் இல்லாமலிருக்க முருகன் துணை.

மச்சான், நான் அடித்த தந்தியை மறந்துவிடுங்கள். ‘கல்யாணம் பேச உடனே வரவும்’ என்று அடித்ததற்குக் காரணம் பனிமூட்டம். விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மலையும் இல்லை, ரோடும் இல்லை, என் கையே எனக்குத் தெரியவில்லை. மேகத்துக்குள் நடப்பது போல இருந்தது. பள்ளிக்கூடம் போக பஸ்ஸுக்கு நிற்கிற பெண்பிள்ளைகளின் பேச்சு மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது. ஒரு குரல் என் மகள் சண்முகவடிவு, மற்றது அவள் சிநேகிதி அழகம்மா.

“மாறியப் பத்தி முன்னாடியே ஒண்ணும் சொல்ல முடியாதுடி” என்றாள் நம் பிள்ளை. “பரம்பல் தெரிஞ்சா போதும்.”

“எதிர்பார்ப்பு எவ்வளவு?”

“ரெண்டுதான்.”

காதுக்கு ‘ரி’ எது, ‘றி’ எது என்று தெரியுமா, மச்சான்? எவனோ மாரியாம். அவன் பரம்பரை வரைக்கும் விசாரித்தாயிற்றாம். எதிர்பார்ப்பது ரெண்டாம், பவுனா, மாடா? வீட்டில் சொன்னால் ராசம்மா அழுவாள் என்று பயந்து, மருமகனுக்கே சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிடலாம் என்று நேரே தபால் கந்தோருக்கு ஓடி உங்களுக்குத் தந்தி அடித்தேன். மறுநாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கணக்கு டீச்சரைப் பிடித்து, “அம்மா, மாரி எந்தத் தோட்டத்துப் பையனுங்க?” என்று கேட்டேன்.

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “மாறி ஆள் இல்லீங்க, கணக்கு. நாலு காசைச் சுண்டினா எத்தனை தலை விழும், சொல்லுங்க?”

“அது எப்படிங்க தெரியும்?”

“அந்தத் தெரியாத எண்ணுக்குத்தான் எழுமாற்று மாறின்னு பேரு. உங்க மக அதுல கெட்டிக்காரி. மேல படிக்க வைங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளிடம் மெதுவாக விசாரித்தேன். அவள் கோபிக்கவில்லை. நாலு காசை எடுத்துச் சுண்டினாள். ஒரு தலையும் விழாவிட்டால் ஓர் இடம், ஒன்று விழுந்தால் பக்கத்து இடம், இப்படி நாலு வரைக்கும் ஐந்து இடம் பிரித்து, ஒவ்வொரு தடவையும் ஒரு தேயிலை விதையை அதற்குரிய இடத்தில் வைத்தாள். வெளியே தூறல். காசு விழுகிற சத்தத்தில் எனக்குக் கண் சொக்கியது. விழித்துப் பார்க்கிறேன், ரெண்டுக்கு உரிய நடு இடத்தில் விதை உயரக் குவிந்து, இரண்டு பக்கமும் சரிந்து, ஓரங்களில் ஒன்றிரண்டு மட்டும் கிடந்தன. மூட்டத்திலிருந்து ஒரு சின்ன மலை எழும்பி வந்து என் வீட்டுத் தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“அடுத்தது என்ன விழும்னு யாருக்கும் தெரியாதுங்கப்பா” என்றாள். “ஆனா ரொம்பத் தடவ போட்டா இந்த உருவந்தான் வரும். இதான் பரம்பல்.”

பெண்ணைப் பெற்றவனின் பயமெல்லாம் அந்த ஓரத்து விதைகளில்தான் இருக்கிறது, மச்சான். நடுவில் குவிந்திருப்பதை நான் இத்தனை நாள் பார்க்கவேயில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்; கூட்டிப் பெருக்க வந்த ராசம்மாவையும் தடுத்துவிட்டேன். பிறகு மகளிடம், “பரீட்சை எழுதும்மா, கல்யாணத்தப் பிறகு பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். மருமகன் தங்கமான பிள்ளை, அவரிடம் ஒரு குறையும் இல்லை. ஆகவே தயவு செய்து யாரும் புறப்பட வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், மருமகனுக்கு என் ஆசி. நம் இரண்டு குடும்பமும் என்றும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
சோலைமலை

பி.கு.: முத்திரை ஒட்டும்போது நாய் குரைத்தது. எட்டிப் பார்த்தேன். நீங்கள், அக்கா, புதுச்சட்டையில் மருமகன், தாம்பாளம், ஒரு சேவல். ராசம்மா உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கமாகக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகிறேன். கோபம் வராவிட்டால் ஆளனுப்பிக் கூப்பிடுங்கள். கோபம் வந்தால், உங்கள் தங்கை பக்கத்தில்தான் இருக்கிறாள்.